திருமலைக்குக் கொண்டுபோன சுழற்காற்று

முதல் நாள்

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு ரயிலுக்கு வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற அம்மா, "பிள்ளை திருமலைக்கோ?" என்று கேட்டார். எனக்கு ஒரு நொடி ஏழு மலையும் மொட்டைத் தலையும் லட்டும் வந்து போயின. இங்கே திருமலை என்றால் திருகோணமலை. ஐந்து நாளில் பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து திருமலைக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க. கைப்பையில் ஒரே ஒரு புத்தகம்: 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம், சுழற்காற்று. கடையில் வாங்கியதில்லை. கல்கியில் தொடராக வந்தபோது உறையூர்ப் பாட்டி வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, அவரே கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைத்தது. ஐந்து பாகத்தில் நான்கை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பவில்லை. மிஞ்சியது இது. வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஏறிக் கடலைத் தாண்டுவதும், மாதோட்டம், தம்பள்ளை, அனுராதபுரம் என்று அலைவதும் இதில்தான் வருகின்றன. அதாவது எங்கள் வீட்டில் இருந்தது இலங்கை மட்டும்.

"பாட்டி கையால தச்சது. பெட்டியில போடாதே" என்று அம்மா மூன்று முறை சொல்லி அனுப்பினாள்.

ரயிலில் விளக்கு மங்கல், குலுக்கல் அதிகம். புத்தகத்தை விரித்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், நடுப் பக்கங்களில் குண்டூசித் தலை அளவில் வரிசையாக ஓட்டை. ஒரு பக்கத்தில் ஆரம்பித்து முப்பது நாற்பது பக்கம் நேர்கோடாகத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது பூச்சி. நம் ஊரில் அந்தப் பூச்சிக்கு என்ன பெயர்? ராமபாணம். இலங்கையைத் துளைத்த ராமபாணம்! பக்கத்து சீட்டில் சிரிக்க ஆள் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விடியும்போது சீனக்குடா. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், அதற்கப்பால் மறுபடி நிலம், மறுபடி தண்ணீர். கடலா ஏரியா என்று தெரியாதபடி சுருண்டு கிடக்கிறது துறைமுகம். இந்தத் துறைமுகத்துக்காகத்தான் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இங்கேதான். காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்திலிருந்து நிற்கின்றன.

தங்குவது டச்சுக் குடாப் பக்கம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் வீட்டு மாடி அறை. இங்கே ஆசிரியரை 'மாஸ்டர்' என்கிறார்கள். அவர் மனைவியை நான் அன்ரி என்று கூப்பிட வேண்டுமாம். காலை இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் மாஸ்டர் புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டார்.

"மணியத்தின்ட படம்" என்றார், தொடருக்குப் படம் வரைந்த ஓவியரைச் சொல்லி. வேறொன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் திருப்பித் தரவும் இல்லை.

இரண்டாம் நாள்

கோணேசர் கோயில் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டைக்குள் ராணுவம் இருக்கிறது. இரண்டையும் தாண்டி மான்கள் இருக்கின்றன. கோட்டை வாசலில், வீதியில், ஆட்டோவுக்கு அடியில் எல்லாம் புள்ளிமான். நம் ஊரில் மாடு நிற்கிற மாதிரி நிற்கின்றன.

வாசலில் நுழையும்போது கல்லில் இரட்டை மீன் பொறித்திருப்பதைப் பார்க்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். பக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டின் துண்டும் உண்டு. குளக்கோட்டன் கட்டிய திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து பிரிப்பான் என்று போகிறது அந்தப் பாட்டு. அப்படியே நடந்தது. 1620-களில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடிப்பான் என்று சொன்ன கல்லும் இடித்தவன் சுவரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மேலே போனால் பாறை முனை. ஒரு பக்கம் இராவணன் வெட்டு: பாறையை வாளால் பிளந்தது போல ஒரு பிளவு, கீழே கடல் சுழித்து அடிக்கிறது. மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கின்றன. திருச்சிக்காரியான எனக்கு இங்கே ஒரு சொந்தம் உண்டு. ஆதிசேஷனும் வாயுவும் பலம் பார்த்தபோது மலை பிய்ந்து மூன்று துண்டாக விழுந்ததாம். ஒன்று காளத்தி, ஒன்று எங்கள் சிராமலை, ஒன்று இந்தக் கோணமலை. தாயுமானவரைப் பார்க்கப் படியேறி மூச்சு வாங்குகிற எனக்கு, அதே மலையின் இன்னொரு துண்டு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

'குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்கும் கோணமா மலை' என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். முத்து எதுவும் கொழிக்கவில்லை. குரைகடல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி நடந்த விபரீதம். திரும்பும் வழியில் கோட்டைக்குள் ஒரு மர நிழலில் திண்டு மாதிரி இருந்தது. கச்சான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே கச்சான் என்றால் வேர்க்கடலை. இந்த மாதத்தில் அடிக்கிற வெக்கைக் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். இரண்டும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்தன. ரயிலில் விரித்துப் பிடித்ததில் பாட்டியின் தையல் விட்டிருக்கிறது. இரண்டு தாள் கழன்று பறக்கப் பார்த்தது. அதன் மேல் கச்சான் சுருளைப் பாரமாக வைத்தேன். செருப்பில் ஏறிய எறும்பைத் தட்ட ஒருமுறை குனிந்தேன். அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது ஒரு பெண்மான் சுருளை வாயில் வைத்திருந்தது. அதற்கடியில் இருந்த இரண்டு தாளும் சேர்ந்தே உள்ளே போய்க்கொண்டிருந்தன. இழுத்தேன். அதுவும் இழுத்தது. என் கையில் மிஞ்சியது ஒரு மூலை, கட்டைவிரல் அளவு. அதில் மணியம் வரைந்த ஏதோ மரத்தின் இரண்டு இலை. மான் நிதானமாக மென்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

முழு நாவலும் போனிலேயே படிக்கக் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. பிரச்சினை அதுவல்ல. அம்மாவிடம் என்ன சொல்வது?

மூன்றாம் நாள்

காலையில் நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. முகமூடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பவளப் பாறையும் மீனும். துடுப்பு நுனியில் கறுப்புத் தீட்டிய சுறாக் குட்டி ஒன்று போனது. அது ஒன்றும் செய்யாதாம். அதற்கு அது தெரியுமா என்று யோசித்தபடி கரையேறிவிட்டேன். முதுகு வெந்துவிட்டது. கூட்டமும் அதிகம். போகலாம், ஆனால் விடிந்ததும் போய்விடுங்கள்.

சாயங்காலம் விறாந்தையில் மாஸ்டரிடம் மான் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "எந்த இடம்?" என்று கேட்டார். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் காட்டினேன். மாதோட்டத்திலிருந்து ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் காட்டு வழியே இளவரசரைத் தேடிப் போகிற பகுதி. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார், பாருங்கள், வசனம் வசனமாக. ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், வந்தியத்தேவனுக்கு ஒரு குரல். இரண்டும் திருமலைத் தமிழில். "ஓய் வீரவைஷ்ணவரே, இன்னும் எவ்வளவு தூரமோ?" என்று வந்தியத்தேவன் கேட்பதை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் கல்கி இங்கே கப்பலில் வருமாம். எழுபதுக்குப் பிறகு இந்தியப் பத்திரிகைகள் வருவதைக் கட்டுப்படுத்தியபோது, பழைய பைண்டிங்குகளுக்கு வீடு வீடாக முறை வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். விடிய விடிய குப்பி விளக்கில் வாசித்துவிட்டுக் காலையில் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். "அதால பாடமாப் போச்சு, பிள்ளை. புத்தகம் கையில இருந்தா ஒருத்தரும் பாடமாக்க மாட்டினம்." பிறகு சொந்தமாகவும் ஐந்து பாகம் வாங்கினாராம். தொண்ணூறில் இடம்பெயர்ந்தபோது அலுமாரியோடு விட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை.

"நல்ல கதைதான்" என்றார். "ஆனா எங்களுக்கு ஒரு மனக்குறை. கல்கி எங்கட நாட்டில மரத்தைக் கண்டார், யானையைக் கண்டார், பிக்குமாரைக் கண்டார். சனத்தைக் காணேல்லை."

நான் விடவில்லை. கல்கி நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்பார்களே. அருள்மொழிவர்மர் உள்ளூர் ஜனங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதென்று படைக்குச் சோழ நாட்டிலிருந்தே அரிசி அனுப்பச் சொல்லிச் சண்டை போடுகிறாரே. அதில் ஜனம் இல்லையா?

"அதைத்தான் சொல்லுறன். அரிசிக் கப்பல் வந்ததெண்டு சொல்லுறார். இங்கத்தைச் சனம் என்ன சாப்பிட்டதெண்டு சொன்னவரோ? வந்தியத்தேவன் இவ்வளவு தூரம் நடக்கிறான். ஒரு வீட்டு வாசல்ல, ஒரு மனுசி, 'தம்பி சாப்பிட்டனீங்களோ' எண்டு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. இந்த நாட்டில அப்பிடி நடக்காது, பிள்ளை."

உள்ளேயிருந்து அன்ரி, "அரிசிக் கப்பல் எண்டா எங்களுக்கும் வந்ததெல்லோ" என்றார். 2022-ல். டொலர் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசை. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து முதல் கப்பலில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் வந்தன. சென்னையில் கப்பலுக்குக் கொடியசைத்ததை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதற்குமேல் யோசிக்கவில்லை. அன்ரி பத்துக் கிலோப் பையைப் பற்றிச் சொன்னார். கழுவி மடித்து வைத்திருக்கிறார். இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது. "அரிசி நல்லம். ஆனா எங்களுக்குச் சிவப்பரிசிதான் பழக்கம், வயிறு நிரம்பின மாதிரி இருக்கேல்லை" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. கொடுத்தவர்கள் ஊர்க்காரியிடம் சொல்கிறோமே என்ற கூச்சம்.

எனக்குக் கல்கியின் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அந்த வெங்காயப் பை மாதிரி ஒரு பை நாவலில் எங்காவது இருக்கிறதா என்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன்.

நான்காம் நாள்

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் முதலில். ஏழு சின்னச் சதுரக் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கியது என்பது கதை. வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டேன். வெந்த முதுகுக்கு வெந்நீர்! புத்தி.

அதற்கப்பால் வெல்கம் விகாரை. இதற்குத்தான் நான் உண்மையில் வந்தேன் என்று அங்கே போன பிறகு தெரிந்தது. ஆட்டோக்காரர் "நாதனார் கோயில்" என்றார். காட்டுக்குள் செங்கல் அடித்தளங்கள், கல் தூண்கள், நிற்கும் புத்தர். ஆள் அரவம் இல்லை. தமிழில் கல்வெட்டுகள். சோழர் இங்கே ஆண்ட காலத்தில் இந்தப் பௌத்தப் பள்ளிக்கு 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று பெயர். நந்தா விளக்கும் அதற்கு நெய் தரப் பசுக்களும் தமிழர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், புத்தருக்கு.

ஒரு பலகைக் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து வாசிக்கப் பார்த்தேன். பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதனால் எல்லா எழுத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புப் பூஞ்சை வேறு. ஒரு 'ப', ஒரு 'ர', ஏதோ ஒரு 'ள'. முழுச் சொல்லாக ஒன்றுகூடப் பிடிபடவில்லை. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்ததும் பள்ளங்களில் நிழல் ஏறி, சட்டென்று 'விளக்கு' தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் எவரோ மாடு கொடுத்து ஏற்றிய விளக்கு.

புத்தகத்தில் அருள்மொழி, போரில் சேதப்பட்ட விகாரைகளைச் செப்பனிடுகிறார். பிக்குகள் சிங்காதனம் தர வரும்போது வேண்டாம் என்கிறார். பதினான்கு வயதில் படித்தபோது அழுதிருக்கிறேன். ஆனால் அதே ஆள் ராஜராஜனாகி, 993 வாக்கில் அனுப்பிய படைதான் அனுராதபுரத்தைச் சூறையாடியது. தலைநகரமே பொலன்னறுவைக்குப் போய்விட்டது. நாவல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நல்ல இடத்தில் முடிப்பதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தானே. அனுராதபுரத்தை அழித்தவன் பெயரிலேயே இந்தப் பள்ளியில் விளக்கு எரிந்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் சரியாக மடித்து வைக்க முடியவில்லை. கல்கி இந்தக் கல்லைப் பார்த்திருந்தால் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருப்பார். ஆழ்வார்க்கடியான் இந்தப் பள்ளி வாசலில் நின்று பிக்குவோடு வாதம் செய்வதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

ராத்திரி இதை மாஸ்டரிடம் சொன்னதும் அவர் பழிக்குப் பழி வாங்கினார்.

"உங்கட ஊரைப் பற்றி எங்கட ஆள் எழுதினது தெரியுமோ?"

தெரியாது. தி. த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலைக்காரர். சென்னையில் இருந்தவர். 1895-ல் 'மோகனாங்கி' என்று ஒரு நாவல் வெளியிட்டார். தஞ்சையும் திருச்சியும் நாயக்கர் கையில் இருந்த காலத்துக் கதை, சொக்கநாத நாயக்கர் கதை. தமிழில் முதல் வரலாற்று நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். "கல்கி பிறக்கிறதுக்கு நாலு வருசம் முன்னுக்கு!" என்று நாலு விரலைக் காட்டினார்.

சொக்கநாத நாயக்கர் எங்களுக்கு அந்நியர் இல்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை இடித்துக் கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து திருச்சியில் அரண்மனை கட்டினார் என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே அந்த மகால் வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறேன். அதை வைத்து 130 வருஷத்துக்கு முன் திருகோணமலைக்காரர் ஒருவர் நாவல் எழுதியிருக்கிறார் என்று யாரும் சொன்னதில்லை. திருச்சியிலிருந்து ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு இலங்கை பார்க்க வந்தால், இலங்கையிலிருந்து ஒரு நாவல் ஏற்கெனவே திருச்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது.

"அதில திருச்சிச் சனம் இருக்குதோ?" என்று நான் அவர் பாஷையிலேயே கேட்டேன்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ராசாக்கள்தான் கூட" என்றார். பிறகு, "சம்பந்தரும் இங்க வரேல்லை. ராமேஸ்வரத்தில நிண்டு கொண்டே கோணமாமலையைப் பாடினவர் எண்டுதான் சொல்லுறது" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

சனத்தை வாசிக்க வேண்டுமானால் மூதூர் வ. அ. இராசரத்தினத்தை வாசி என்று உத்தரவு. எதிர்க்கரைதான் மூதூர்.

ஐந்தாம் நாள்

காலையில் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் வரை போய்வந்தேன். முன்பு பாலம் கிடையாது, பாதை என்று சொல்கிற தோணிதான். கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கிற இடம் பழுப்பும் நீலமுமாக இருந்தது. 1660-ல் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தது இந்தக் கரையில்தான். பத்தொன்பது வருஷம் கழித்துத் தப்பிப்போய்ப் புத்தகம் எழுதினான். இந்த ஊருக்கு வந்தவன் யாரும் எழுதாமல் போவதில்லை போலிருக்கிறது.

பஸ்ஸில் வாசிக்கத் தேடினால் கைப்பையில் புத்தகம் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அன்ரி மடியில் இருக்கிறது. கழன்ற தாள்களை எல்லாம் அடுக்கி, தங்கூசியால், அதாவது மீன் பிடிக்கிற நைலான் நரம்பால், முதுகைத் தைத்துக்கொண்டிருந்தார். "இனி மான் இல்லை, சுறா இழுத்தாலும் வராது."

ராத்திரி ரயில் ஏறி, சீனக்குடா தாண்டிய பிறகு திறந்தேன். மான் தின்ற இடத்தில் கோடு போட்ட கொப்பித் தாள் இரண்டு. நாலு பக்கம், நீலப் பேனா, வாத்தியார் கையெழுத்து. முதல் மூன்று பக்கம் கல்கி. அவர் நடையிலேயே, வாசகரைக் கூப்பிட்டுப் பேசுவது உட்பட. நான்காம் பக்கத்தில் கல்கி இல்லை.

காட்டு வழியில் ஒரு குளக்கட்டு. அதற்குக் கீழே ஒரு குடிசை. வாசலில் ஒரு கிழவி. வாளும் வேலுமாக வந்த இருவரையும் பார்த்து, எந்த நாடு, என்ன அலுவல் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டனீங்களோ?" என்கிறாள். குரக்கன் பிட்டும் கருவாட்டுக் குழம்பும். நம் கேழ்வரகுதான் குரக்கன். ஆழ்வார்க்கடியான் கருவாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவனுக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வருகின்றன. குழம்பில் மிளகாய் இல்லை, மிளகு. மாஸ்டர் சரித்திரம் படிப்பித்தவர். பறங்கி வருவதற்கு முன் மிளகாய் ஏது? வந்தியத்தேவன் மூன்றாம் முறை கையை நீட்டும்போது சட்டியில் அடி தட்டுகிறது. கிழவி அன்றைக்குத் தனக்கென்று வைத்திருந்தது அது என்று அவனுக்குப் புரிகிறது. தாள் அங்கே முடிகிறது. அடியில், தொடர்கதையில் போடுவது போலவே, '(தொடரும்)'.

அடுத்த பக்கம் அச்சு எழுத்து. இருவரும் ஒன்றும் நடக்காதது போலக் காட்டில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அம்மா போன் பண்ணினாள். புத்தகம் பத்திரமா என்றாள். பத்திரம் என்றேன். நாலு பக்கம் கூடியிருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.